பொட்டலம் கொடுக்கிறோம், ஒருவர் பெயரும் தெரியவில்லை

கேள்வி: வடசென்னையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஞாயிறு மதியம் சர்ச் ஹாலில் சமைத்து, இருட்டியதும் சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, பாரிமுனை என்று போய் 120 பொட்டலம் கொடுக்கிறோம். முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், திரும்பிவிடுவோம். போன மாதம் ஒரு வயதான அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, "சோறு குடுக்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா, இன்னான்னு சொல்லு" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இவர்களோடு உண்மையாகப் பழக வேண்டும் என்று ஆசை, எப்படி என்றுதான் தெரியவில்லை. சாப்பாட்டோடு பைபிள் வசனம் அச்சடித்த கைப்பிரதியும் கொடுங்கள் என்கிறார் ஆயர். குடிகாரர்களுக்கு எதற்குச் சோறு என்கிறார்கள் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் கமிட்டியில். ஒருவர் 500 ரூபாய் கேட்டார். எங்கள் குழுப் பெண் ஒருத்தியிடம் இன்னொருவர் போன் நம்பர் கேட்டார். பயமாகவும் இருக்கிறது, விட்டுவிடவும் மனம் வரவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த ஆயா உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். மற்ற 119 பேரும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள், இவர் ஒருவர்தான் உங்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் பொட்டலமும் போனும் எடுக்காமல் நீங்களும் இன்னொருவரும் மட்டும் போய், "ஆயா, நீங்க சொன்னது சரி, போட்டோ எடுக்கிறத நிறுத்திட்டோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நிஜமாகவே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் பழைய படங்களையும் எடுத்துவிடுங்கள். மெட்ராஸில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன் என்று ஊரில் மகளிடம் சொல்லி வைத்திருக்கும் பெண்கள் நடைபாதையில் உண்டு. கை நீட்டி வாங்குகிற படம் சுற்றிச் சுற்றி அந்த மகளின் போனுக்கே போய்விடலாம். இந்தக் காலத்தில் அதற்கு ஒரு நாள் போதும்.

நான் வீடற்றோர் காப்பகங்களிலும் தெருவிலும் வேலை செய்யும் சமூகப் பணியாளர். முதலில் நான் சொல்வது உங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. 120 பொட்டலத்தை நாற்பதாகக் குறையுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் 120 பேர் என்றால் ஒருவருக்கு இருபது சொச்சம் நொடி. அதற்குள் பெயர் கேட்க முடியாது, கேட்டாலும் மனதில் நிற்காது. அதுவும் மூன்று இடம். ஒரே ஒரு தெருவை, அதிலும் ஓர் இருநூறு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கிழமை, அதே நேரம், முடிந்தவரை அதே ஆறேழு முகங்கள் போக வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதுப் பிள்ளைகளை 'அனுபவத்துக்காக'க் கூட்டிப்போகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உங்களைப் போல எத்தனையோ குழுக்களை அந்தத் தெரு பார்த்திருக்கிறது. மூன்று மாதம் ஆர்வமாக வந்துவிட்டு நின்றுபோனவர்களை எல்லாம் அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அதனால்தான் யாரும் உடனே ஒட்டிக்கொள்வதில்லை.

மீதி எண்பது பேர் பட்டினி கிடப்பார்களே என்று உங்களில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலைத் தெருவிலேயே விசாரித்துக்கொள்ளலாம். பாரிமுனைப் பக்கம் பல வருடமாக இருப்பவர்களுக்கு எந்தக் கிழமை எங்கே என்ன கிடைக்கும் என்பது மனப்பாடம். செவ்வாய்க்கிழமை என்றால் ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயில் ரொட்டி. வியாழக்கிழமை சாய்பாபா கோயில், வெள்ளி பள்ளிவாசலும் தர்காவும், சனிக்கிழமை பெருமாள் கோயில் புளியோதரை, ஞாயிறு என்றால் சர்ச்சுக்காரர்கள். ஞாயிறு மாலை இரண்டு மூன்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோவதும், பிரிக்காத பொட்டலம் நாய்க்குப் போவதும் சகஜம். திங்கள், புதனில்தான் பெரும்பாலும் ஆள் வராது. மழை நாளில் எந்தக் கிழமையிலும் வராது. கையில் ஐந்து பத்து இருப்பவர்களுக்கு, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. ஆகவே உங்கள் தெருவில் எந்த நாள் காலியாக இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். திங்கட்கிழமை என்று சொன்னால் திங்கட்கிழமைக்கு மாறுங்கள். காலேஜும் வேலையும் உள்ள பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஞாயிறு 120 பேருக்குக் கொடுப்பதைவிடத் திங்கள் நாற்பது பேருக்குக் கொடுப்பது பசிக்கும் நல்லது.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை என்பதும் போகப்போகத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று எண்ணியது. பாலத்தடி, நடைபாதை, மண்டபம், ரயில் பிளாட்பாரம் என்று படுத்திருந்த எல்லாரும் அதில் ஒரே கணக்கு. கிட்டப் போனால் கதை வேறு. வால்டாக்ஸ் ரோடு, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் பாட்டி, மகள், பேத்தி என்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஊருக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வீடு கொடுத்து அனுப்பியும் பூ வியாபாரமும் மூட்டை தூக்கும் வேலையும் இங்கேதானே என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் தனி ஆண்கள்: மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுவது, காயலான் கடைக்குப் பொறுக்குவது, முகூர்த்த நாளில் கேட்டரிங். அப்புறம் பிள்ளைகளே கொண்டுவந்து விட்டுப்போன வயதானவர்கள். மனநலம் பாதித்து எந்த ஊர் என்றே சொல்லத் தெரியாதவர்கள். சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். என்கிற அரசுப் பொது மருத்துவமனை வாசலில் உங்களிடம் பொட்டலம் வாங்குகிற பலர் வீடற்றவர்களே இல்லை, விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ நோயாளியோடு வந்து வெளியே படுத்திருக்கும் உறவினர்கள். அவர்களுக்கும் பசிதான், கொடுங்கள். ஆனால் அடுத்த வாரம் அவர் அங்கே இருக்கமாட்டார்.

சரி, எப்படிப் பழகுவது? உட்கார்ந்து, அவர்களோடு சாப்பிடுங்கள்.

உங்கள் சபையில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் இல்லாமல் இருக்காது. அசனப் பண்டிகை எப்படி நடக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் சேர்த்து, அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் ஆக்கி, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதே சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித் தெருமுனையில் நின்று நீட்டினால் அதை யாராவது அசனம் என்பார்களா? கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, ஒன்பது மணிவாக்கில், இரண்டு பாயை விரியுங்கள். பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் கேன், கை கழுவ ஒரு வாளி போதும். முன்கூட்டியே பக்கத்துக் கடைக்காரரிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு இடத்தைப் பெருக்கிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் காலையில் கடைக்காரர் திட்டுவது உங்களை இல்லை, அங்கே படுத்திருப்பவர்களைத்தான்.

முக்கியமாக, உங்கள் பிள்ளைகளும் அதே சோற்றை அதே பாயில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாம் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பசியோடு நின்று பரிமாறுவது அவர்களுக்குத் தியாகமாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ, நம்மோடு சாப்பிடக் கூச்சப்படுகிறார்கள் என்றுதான் படும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை நம் ஊரில் கவனிக்காத ஆள் கிடையாது. முதல் இரண்டு வாரம் பலர் தட்டை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்த்தான் சாப்பிடுவார்கள். வற்புறுத்தாதீர்கள். சிலர் கடைசிவரை பார்சல்தான் கேட்பார்கள், அதுவும் சரிதான். மகனுக்கு எடுத்துவைப்பதாக இருக்கலாம், பல் இல்லாததால் மெதுவாகத் தனியே சாப்பிட விரும்புவதாகவும் இருக்கலாம்.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. வெஜ் பிரியாணி, சப்பாத்தி எல்லாம் இளவட்டங்களின் மெனு. வயதானவர்கள் அதிகம் உள்ள இடத்தில் குழைவான சாம்பார் சாதம், ரசம் சாதம், வெந்த காய் கொடுங்கள், காரத்தைக் குறையுங்கள். மதியம் மூன்று மணிக்குச் சமைத்துச் சூட்டோடு இறுக்கிக் கட்டி எட்டு மணிக்குக் கொடுப்பது ஆபத்து. வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வளரும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கிளம்புகிற நேரத்துக்குச் சமையல் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஹாட்பாக்ஸில் கொண்டுபோங்கள். உங்களுக்கும் எனக்கும் வயிற்றால் போனால் பாத்ரூம் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடக்கும்போது அவர்கள் எங்கே போவார்கள்? உணவுப் பாதுகாப்புத் துறையிலும் ஒரு பதிவு போட்டுவிடுங்கள், அன்னதானம் செய்கிறவர்களுக்கும் அது உண்டு.

பேச்சு எப்படி வரும் என்பது உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்றுதான். இங்கே அதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அதன் வால் பிடித்து வீடு எங்கே, பிள்ளைகள் இல்லையா, ஏன் இங்கே வந்தீர்கள் என்று போகும், ஒரு கட்டத்தில் சாதியும் எட்டிப்பார்க்கும். ஓடி வந்தவர்களும் துரத்தப்பட்டவர்களும் இருக்கிற இடத்தில் அது விசாரணை. சோற்றுக்கு ஈடாகத் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிடும். சிலர் நீங்கள் கேட்க ஆசைப்படுகிற மாதிரி ஒரு கதையைத் தயாராகவே வைத்திருப்பார்கள். "உப்பு சரியா இருக்காண்ணே?", "இன்னிக்கு வேலை இருந்துச்சா?", "நேத்து மழையில எங்க படுத்தீங்க?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லி, அப்புறம் அவர் பெயரைக் கேளுங்கள், அடுத்த வாரம் பெயரோ முறையோ வைத்துக் கூப்பிடுங்கள். ஆயா, அக்கா, அண்ணே, தாத்தா எல்லாம் சரி. "ஏம்மா", "யோவ்", "இந்தாப்பா" வேண்டாம். ஒரு நோட்டில் ரகசியமாகப் பெயர் எழுதுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து எழுதுங்கள். அவர்கள் கண்ணெதிரே நோட்டை எடுத்தால் சர்வே எடுக்கிறார்கள், காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள் என்று தெருவே கலவரப்படும். பயம் காரணமில்லாதது இல்லை, 1945-ஆம் ஆண்டின் பிச்சை எடுத்தல் தடைச் சட்டம் இன்னும் நம் மாநிலத்தில் இருக்கிறது. வேன் வந்து அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு.

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். தலைமாட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டும் வராதீர்கள், எலியும் நாயும்தான் தின்னும். தூக்கத்தில் அடி வாங்கிப் பழகியவர் நீங்கள் தொட்டதும் பதறிக் கையை ஓங்கிவிடுவார்.

உறவு என்றால் கொடுப்பவர் எப்போதும் நீங்களாகவே இருக்க முடியாது. கேட்டரிங் போகிற ஆண்கள் இருப்பார்கள் என்றேனே, அவர்களை விடாதீர்கள். ஒருமுறை இப்படிப்பட்ட பாய்ப் பந்தியில் ஒரு கல்லூரி மாணவன் சோற்றின் தலைமேல் சாம்பாரை ஊற்ற, அது தட்டை மீறிப் பாயில் ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், நாலு நாள் தாடி, கசங்கின காக்கிச் சட்டை, எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "தம்பி, ஊத்துறதுக்கு முன்னாடி சோத்துல குழி பண்ணச் சொல்லு. கரண்டிய தட்டுக்குக் கிட்ட கொண்டு போ. மேலேர்ந்து ஊத்தினா தெறிக்கும்." மீதி வரிசை முழுக்க அவரே பரிமாறினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசியில் மாணவனை உட்காரச் சொல்லி அவனுக்கும் பரிமாறினார். மண்டபங்களில் வருடக்கணக்காக ஆயிரம் பேர் பந்தி பார்த்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். சமையலுக்கே கூப்பிடுங்கள், உங்கள் சபையார் வைக்கிற சாம்பாரைவிட நன்றாகவே வைப்பார். வேலையாகக் கூப்பிட்டால் கூலி கொடுங்கள், நண்பராகக் கூப்பிட்டால் கூட நின்று வெங்காயம் உரியுங்கள்.

இனி ஆயர் சொன்ன கைப்பிரதி. இதில் என் தொழில் ஒரு பக்கம்தான் சாய முடியும்: சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பசித்தவர் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அது திணிப்பு. இரண்டு நிமிடம் கழித்து அதே கைப்பிரதி கை துடைக்கப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், ஆயருக்கும் அது வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காக விசுவாசத்தை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. நீங்கள் எந்த சர்ச் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். "எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்று அவர்களாகவே கேட்பார்கள், நெற்றியில் விபூதி வைத்தவரும் கேட்பார், தலையில் முக்காடு போட்டவரும் கேட்பார். பண்ணுங்கள். சாப்பாடு முடிந்த பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில். ஜெபத்துக்கு நிற்காமல் எழுந்து போகிறவருக்கும் அடுத்த வாரம் அதே தட்டு, அதே அளவு சோறு என்பது மட்டும் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டுக் கொசுக்கடியில் சிமென்ட் தரையில் தூங்க வேண்டியவர் ஒரு குவாட்டர் போடுவதற்குக் கமிட்டி உறுப்பினர்களின் அனுமதி கிடைக்காதுதான். ஆனால் சோற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1867-ல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் சோறு போட யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. உங்கள் கமிட்டி கேட்கலாமா? போதையில் தகராறு பண்ணுகிறவருக்கு அன்று பார்சல் கொடுத்து அனுப்பிவிடுங்கள், "நாளைக்குப் பேசலாம்ணே" என்று சொல்லி. ஒரு எச்சரிக்கை மட்டும். தினமும் குடிப்பவரிடம் "இன்னியோட விட்டுடுங்க" என்று சத்தியம் வாங்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவராக விடணும் என்று சொன்னால் அரசு மருத்துவமனைப் போதை மீட்புப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்புறம் தொடர்ந்து போக, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டங்கள் இருக்கின்றன, பல சர்ச் வளாகங்களிலேயே நடக்கின்றன.

பணம் விஷயத்தில் முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தனிப்பட்ட முறையில் யாரும் யாருக்கும் ரொக்கம் தருவதில்லை, கடன் தருவதில்லை. குழுவுக்கு ஒரு சிறு நிதி இருக்கட்டும், மருந்து, பஸ் டிக்கெட், ஆதார் ஜெராக்ஸ் மாதிரியான செலவை இருவர் சேர்ந்து முடிவு செய்து நேரடியாக வாங்கிக் கொடுங்கள். 500 கேட்டவரிடம் "எதுக்குண்ணே?" என்று கேட்டீர்களா? வாடகை வண்டிக்கு முன்பணமாக இருக்கலாம், கந்துவட்டிக்காரருக்குக் கட்ட வேண்டியதாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்வதாக இருந்தாலும் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வலிக்கும். போன் நம்பருக்குக் குழுப் பெயரில் ஒரு பொது சிம் வாங்கி, அந்த எண்ணை எல்லாருக்கும் தாருங்கள். நம்பர் கேட்கிறவர் எல்லாரும் தப்பான எண்ணத்தில் கேட்பதில்லை, ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிட அவருக்கு உலகத்தில் ஒரு எண்ணும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் பெண்ணுக்கு அது சங்கடமாக இருந்தால் அந்தச் சங்கடம் போதும், காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. யாரும் தனியாகப் போகக்கூடாது, தனியாக யாரோடும் சந்து பக்கம் ஒதுங்கிப் பேசக்கூடாது. இது ஆண் பிள்ளைகளுக்கும்தான்.

இப்படி நாலைந்து மாதம் போனால் சோற்றைத் தாண்டின விஷயங்கள் தானாக வரும். அப்போது எல்லாவற்றையும் நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2010-ல் போட்ட உத்தரவுகளின்படி, நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நடத்துகிறது, ஆண்களுக்கு, பெண்களுக்கு, நோயாளிகளின் உடனிருப்போருக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு போன் செய்து உங்களுக்கு அருகில் எது என்று கேட்டு, ஆளை அனுப்புவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கூப்பிட்டும் வரமாட்டேன் என்பவர்கள் பலர். புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம் என்று பிரிய வேண்டும். மீன்பாடி வண்டியை நிறுத்த இடம் இருக்காது. மார்க்கெட் வேலை நடுராத்திரியில்தான் தொடங்கும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடையாள அட்டை விஷயத்தில் சர்ச்சுக்காரர்களால் நிறைய முடியும், ஏனென்றால் அதற்கு வேண்டியது அலைகிற பொறுமை. வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்று இல்லையே என்று யாராவது திருப்பி அனுப்பினால், படிவம் 6-ல் அவர் தூங்குகிற இடத்தையே எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்தால் போதும், வேறு ஆவணம் வேண்டாம் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அலுவலர் வருகிற ராத்திரி நீங்கள் கூட இருங்கள். வயதானவர்களுக்கு மாதாந்திர முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டும், அதற்கும் கையில் ஏதாவது ஓர் அட்டை இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

மனநலம் பாதித்தவரைப் பிடித்து முடி வெட்டிக் குளிப்பாட்டி வீடியோ போடும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது காவல் நிலையத்தின் கடமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஸ்டேஷனில் இந்தப் பிரிவைச் சொல்லித் தன்மையாகக் கேளுங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மனநலம் பாதித்துத் தெருவில் இருக்கும் பெண்களுக்காகவே 1993-ல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பும் இருக்கிறது. உதவி எண், வயதானவர்கள் என்றால் 14567, குழந்தை என்றால் 1098. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருமினால் காசநோய்ப் பரிசோதனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள், மருந்து இலவசம், கூடப் போகத்தான் ஆள் கிடையாது.

உங்கள் கமிட்டியிடம் நீங்கள் ஒன்று கேட்டுப் பாருங்கள். சர்ச் வளாகத்தில் கழிப்பறையும் குழாயும் இருக்கின்றன, வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கின்றன. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட முடியுமா? பிளாட்பாரத்தில் இருக்கும் பெண்கள் விடிவதற்கு முன்னால் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு குளிக்கிறார்கள், மாதவிலக்கு நாட்களில் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஒரு வாளி தண்ணீர், சோப்பு, தாழ்ப்பாள் உள்ள கதவு. செலவு பிரியாணியைவிடக் குறைவு. ஆனால் எதிர்ப்பு நிச்சயம் வரும். வாட்ச்மேன் முணுமுணுப்பார், நாற்றம் என்பார்கள், திருட்டுப் போகும் என்பார்கள், ஆராதனைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார்கள். தெருவில் போய்க் கொடுக்கும்போது தாராளமாக இருக்கிற சபை, கேட்டுக்குள் விடச் சொன்னால் யோசிக்கும். ஒரே நாளில் சம்மதிக்க மாட்டார்கள். மகளிர் ஐக்கியத்தில் இரண்டு பெரியம்மாக்களை முதலில் உங்கள் பாயில் வந்து உட்கார்ந்து சாப்பிடவையுங்கள், மீதியை அவர்களே கமிட்டியில் பேசிக்கொள்வார்கள்.

மாத அறிக்கையில் 'விநியோகித்த பொட்டலங்கள்: 480' என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். இனி எண்ணிக்கை விழும். கேள்வி வரும். நாற்பது பேரில் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது, யாருக்கு அட்டைக்கு எழுதிக் கொடுத்தோம், யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம் என்று எழுதுங்கள். பெயர்களை அறிக்கையில் போடாதீர்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போகக்கூடாது. மார்ச், ஏப்ரல் வந்தால் உங்கள் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விடுவார்கள், மே மாதம் ஊருக்கு. வழக்கமாகத் தன் பக்கத்தில் உட்காருகிற பையனைக் காணோம் என்றால் அந்தத் தாத்தா கேட்கமாட்டார், கோபப்படவும் மாட்டார், பேசாமல் பார்சல் வாங்கிக்கொண்டு போவார். அதனால் நின்றுபோகிற பிள்ளை முந்தின வாரமே நேரில், "தாத்தா, மூணு வாரம் பரீட்சை, நான் வரமாட்டேன், இருபத்தி எட்டாம் தேதி வருவேன்" என்று தானே சொல்லட்டும். இருபத்தி எட்டாம் தேதி வரவும் வேண்டும்.

அன்புடன்.